முன்னால் நிற்பவருக்கும் முதுகு உண்டு: குழுத் தலைவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் இரவு ஷிஃப்டை மேற்பார்ப்பது என் பிழைப்பு. விடுமுறை நாளில் இதே ஊரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கோயிலின் அன்னதானச் சமையலுக்கு ஆள் சேர்த்து வேலை வாங்குவதும் என் தலையில்தான் விழுந்திருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து இங்கே வந்து 18 வருடம் ஆகிறது. புதிதாக டீம் லீடர், சூப்பர்வைசர் ஆன நம் ஆட்கள் என்னைப் பிடித்துக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான்: முன்மாதிரியாக இருப்பது எப்படி, தங்களைப் பற்றிய குறையை ஆட்களிடம் கேட்டு வாங்குவது எப்படி. ஜோகன்னஸ்பர்க்கில் கணினி வேலைக்கு வந்த பிள்ளைகளும் கேட்கிறார்கள், நாலைந்து தலைமுறையாக இங்கேயே இருக்கும் குடும்பத்துத் தம்பிகளும் கேட்கிறார்கள். போனில் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஒரு சொல்லைப் பற்றி மட்டும் முதலில். ஃபீட்பேக் என்பதைப் 'பின்னூட்டம்' என்று எழுதுகிறார்கள். அப்படி வாயால் சொல்லி நான் யாரையும் கேட்டதில்லை. 'குறை சொல்றது' என்பார்கள். சிக்கலில் பாதி அந்தப் பெயரிலேயே இருக்கிறது. தமிழில் இதற்கு இடித்துரைப்பது என்று ஒரு நல்ல பழைய சொல் உண்டு. நம்மவர் நம் நன்மைக்காகக் கொஞ்சம் வலிக்கிற மாதிரி சொல்வது.

முன்மாதிரியா இருக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. அப்படின்னா எல்லா வேலையையும் நானே இறங்கிச் செய்யணுமா அண்ணா?

வேண்டாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். கோயிலில் பொறுப்பெடுத்த முதல் புரட்டாசியில், பந்தி முடிந்ததும் அண்டா தேய்க்க முதல் ஆளாக உட்கார்ந்துவிடுவேன். நாலு பேர் பார்க்கட்டுமே என்ற ஆசையும் இருந்தது, பொய் சொல்வானேன். மூன்றாவது சனிக்கிழமை ஒரு தம்பி வந்து, "அண்ணா, நீங்க இங்க தேய்ச்சுக்கிட்டு இருக்கீங்க. அங்க அடுத்த வாரத்துக்கு அரிசி சொல்லலை, கேஸ் சிலிண்டர் காலி. யாரைக் கேட்கிறதுன்னு தெரியாம நாங்க நிக்கிறோம்" என்றான். அண்டாவை யாரும் தேய்ப்பார்கள். அரிசிக்குச் சொல்ல வேண்டியது நான் ஒருவன்தான்.

மற்றவரை எந்த விதிக்குள் நிறுத்துகிறீர்களோ, அதே விதிக்குள் நீங்களும் நிற்பதுதான் முன்மாதிரி. 1910ல் ஜோகன்னஸ்பர்க் அருகே காந்தி தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில், சத்தியாக்கிரகத்தில் சிறை போனவர்களின் குடும்பங்கள் தங்கியிருந்தன. அதில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. தான் செய்யாத எதையும் பிள்ளைகளைச் செய்யச் சொல்லக் கூடாது என்று ஆசிரியர்களுக்கு அங்கே ஒரு விதி. அதற்காக எல்லாக் குழியையும் ஆசிரியரே வெட்டவில்லை. பிள்ளைகள் வேலை செய்யும்போது ஓர் ஆசிரியரும் கூட நின்று செய்வார், அவ்வளவுதான். (காந்தியை இழுக்காமல் எனக்கு ஒரு பேச்சும் முடியாது என்று வீட்டில் கிண்டல். டர்பனில் இருந்துகொண்டு வேறு யாரை இழுப்பது?)

நான் நேரத்துக்கு வர்றேன், ஒழுங்கா வேலை பார்க்கிறேன். ஆனா யாரும் அதைப் பார்த்துக் கத்துக்கிற மாதிரி தெரியலையே?

ஏனென்றால் அவர்கள் அதைப் பார்ப்பதில்லை. நெருக்கடி வரும்போது எந்த விதியை நீங்கள் முதலில் கைவிடுகிறீர்கள் என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

எங்கள் கிடங்கில் நடப்பவர்களுக்கு மஞ்சள் கோடு போட்டிருக்கிறோம். கோட்டைத் தாண்டக் கூடாது, நடக்கும்போது போன் கூடாது. இந்த விதியை எழுதி ஒட்டியதே நான்தான். ஒருநாள் லாரி வரிசை கேட்டுக்கு வெளியே நீண்டுவிட்டது. போனில் கத்திக்கொண்டே ஃபோர்க்லிஃப்ட் பாதைக்குக் குறுக்கே போனேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பெரியவர் ஒருவர் இருந்தார், நாங்கள் எல்லாரும் அவரை 'பாபா' என்போம், இங்கே பேசும் சூலு மொழியில் அப்பா. அவர் வண்டியை நிறுத்தினார், நீளமாக ஹார்ன் அடித்தார், கோட்டைக் கையால் காட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. மொத்தக் கிடங்கும் திரும்பிப் பார்த்தது. அந்த வருடம் முழுக்க நான் கோட்டுக்குள் நடந்ததை யாரும் கணக்கில் வைக்கவில்லை. அந்த 20 அடியைப் பற்றி விடியும்வரை பேசினார்கள்.

"எது வேணாலும் என்கிட்ட சொல்லுங்க"ன்னு முதல் நாளே சொல்லிட்டேன். மூணு மாசமா ஒருத்தரும் வாயைத் திறக்கலை. ஏன்?

சொல்லலாம் என்று நீங்கள் சொன்னது அவர்கள் காதில் விழுந்துவிட்டது. சொன்னால் என்ன ஆகும் என்பதுதான் தெரியவில்லை. அது தெரிய வேண்டுமென்றால் யாராவது ஒருவர் சொல்லிப் பார்க்க வேண்டும். அந்த முதல் ஆளாக இருக்க யாருக்கும் ஆசையில்லை.

1894ல் இதே டர்பனில் பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தக் கூலி, முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தத்தோடு காந்தியிடம் வந்தார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். வெள்ளைக்காரர் முன்னால் கூலிகள் அப்படித்தான் போக வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். உதவி கேட்டு ஓர் இந்திய வக்கீலிடம் வந்தபோதும் அந்தப் பழக்கம் விடவில்லை. காந்தி அதைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். தயங்கித் தயங்கித்தான் கட்டிக்கொண்டாராம், ஆனால் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்ததாம்.

அந்தத் தயக்கத்தைக் கவனியுங்கள். கட்டிக்கொள் என்று சொன்ன பிறகும் கை உடனே எழும்பவில்லை. உங்கள் குழுவில் 55 வயது தாண்டியவர்கள் நிறவெறிச் சட்டம் இருந்த நாட்களில் வேலைக்குச் சேர்ந்தவர்களாக இருப்பார்கள். மேலாள் முன்னால் வாய் திறந்தவனுக்கு என்ன நடந்தது என்று பார்த்தவர்கள். இளையவர்களுக்கு அவர்கள் சொன்ன கதைகள் இருக்கும். இதை உடைக்க மூன்று மாதம் போதாது. சின்ன விஷயத்தில் ஆரம்பியுங்கள். எங்களிடம் முதலில் வந்த குறை டீ இடைவேளை பற்றியது. இரண்டு பகுதிக்கும் ஒரே நேரத்தில் விட்டதால் கெட்டிலுக்கு வரிசை நின்றே இடைவேளை தீர்ந்துபோனது. அடுத்த நாளே மாற்றினேன், யார் சொல்லி மாற்றினேன் என்பதையும் அவரைக் கேட்டுக்கொண்டு எல்லாரிடமும் சொன்னேன். அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

எப்படித்தான் கேட்கிறது? "என்னைப் பத்தி என்ன நினைக்கிறீங்க"ன்னு கேட்டா சிரிச்சுட்டுப் போயிடறாங்க.

சிரிக்காமல் என்ன செய்வார்கள்? மாமியார் கேட்கிற கேள்வி அது. உங்களைப் பற்றிக் கேட்காமல் வேலையைப் பற்றிக் கேளுங்கள். "நேற்று கன்டெய்னர் இறக்கும்போது நான் செய்ததில் எது உங்களைக் காக்க வைத்தது?" "நான் ஒரு பழக்கத்தை விட வேண்டும் என்றால் எதை விடச் சொல்வீர்கள்?" இதற்குப் பதில் சொல்வது சுலபம், ஏனென்றால் ஆளை எடை போட வேண்டியதில்லை.

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இந்தப் பகுதி எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. எதிரே இருப்பவர் யோசிக்கும் அந்தப் பத்து விநாடியில், "ஒண்ணும் இல்லைன்னா பரவாயில்லை" என்று நாமே கதவைச் சாத்திவிடுவோம்.

கூட்டத்துல கேட்கலாமா, தனியா கூப்பிட்டுக் கேட்கலாமா?

எல்லாரையும் பாதிக்கும் வேலை விஷயத்தைக் கூட்டத்தில் கேளுங்கள். உங்கள் பேச்சு, உங்கள் கோபம், நீங்கள் யாருக்குச் சலுகை காட்டுகிறீர்கள் என்பதெல்லாம் தனியாகத்தான் வரும். ஆனால் 'கூப்பிட்டு' வேண்டாம். அலுவலக அறைக்கு வரச் சொன்னாலே எச்சரிக்கைக் கடிதம் என்றுதான் நினைப்பார்கள். நீங்கள் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போங்கள்.

கூட்டத்தில் யார் முதலில் பேசுவது என்பது முக்கியம். மண்டேலா சிறுவனாக வளர்ந்தது ம்கெகெஸ்வேனி என்ற ஊரில், தெம்பு மக்களின் அரசப் பிரதிநிதி ஜொங்கின்டாபாவின் வீட்டில். அங்கே நடந்த கூட்டங்களில் பெரியவர், சிறியவர், கூலிக்காரர், நிலக்காரர் என்று பேச வந்தவர் எல்லாரும் பேசி முடிப்பார்களாம். ஜொங்கின்டாபாவையே முகத்துக்கு நேராகக் கண்டிப்பார்களாம். அவர் தன் பக்கம் நியாயம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பார், கடைசியில்தான் வாய் திறப்பார். எங்கள் கிடங்கில் ஷிஃப்டுக்கு முன் 10 நிமிடம் டூல்பாக்ஸ் டாக் என்று வேலை, பாதுகாப்பு பற்றிய பேச்சு நடக்கும். அதில் முன்பெல்லாம் ஒன்பது நிமிடம் நான்தான் பேசுவேன். இப்போது வரிசையைத் திருப்பிப் போட்டுவிட்டேன். நான் கடைசி.

அதே ஊர்க் கூட்டத்தில் பெண்களுக்கு இடமில்லை, அதையும் மண்டேலா மறைக்கவில்லை. கோயில் கமிட்டிக் கூட்டத்திலும் ஆண்கள்தான் பேசுவோம். காய் நறுக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காக்களுக்குத்தான் எந்த வாரம் பருப்பு குறைந்தது, யார் வராமலே கையெழுத்துப் போட்டார் என்பதெல்லாம் தெரியும். அவர்களைக் கூட்டத்துக்கு அழைத்துப் பார்த்தேன், வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு நானே ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு போய்க் கேரட் நறுக்க உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் ஒரு வருடத்துச் செய்தி வந்தது.

சூலு ஆட்கள் என் கண்ணைப் பார்த்தே பேசறதில்லை. எதையோ மறைக்கிறாங்களோ?

மறைக்கவில்லை, மரியாதை கொடுக்கிறார்கள். மூத்தவர், பொறுப்பில் இருப்பவர் முன்னால் கண்ணைத் தாழ்த்துவது அவர்கள் வழக்கம். நம் ஊரில் தாத்தா முன்னால் எப்படி நிற்போம், அதுதான். அதோடு, வேலையைப் பற்றிப் பேசும் முன் வணக்கம் சொல்லுங்கள். 'சாவுபோனா' என்றால் 'உங்களைப் பார்த்தோம்' என்று பொருள். அதைச் சொல்லாமல் நேராக "அந்தப் பேலட் எங்கே?" என்று ஆரம்பிக்கும் ஆளிடம் யாரும் மனதில் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள்.

முகத்துக்கு நேரா குறை சொல்லும்போது உள்ளுக்குள்ள கொதிக்குது. என்ன செய்யறது?

கொதிக்கத்தான் செய்யும். பாபா ஹார்ன் அடித்தாரே, அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்று மேலே சொல்லவில்லை. போனைக் காட்டி, "கேட்ல இருந்து பேசறாங்க, அவசரம்" என்று கத்தினேன். அதே சாக்கை முந்தின வாரம் ஒரு பையன் சொன்னபோது அவனுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்திருந்தேன். மறுநாள் டூல்பாக்ஸ் டாக்கில் பாபாவிடம் மன்னிப்புக் கேட்டேன். இடையில் ஒரு பகல் முழுக்கத் தூக்கம் வரவில்லை.

முன்னால் நின்று செய்து காட்டுகிறவர்களுக்குத்தான் இந்தக் கொதிப்பு அதிகம். 'நான் இவ்வளவு செய்கிறேன், என்னையா சொல்கிறாய்?' 1898 வாக்கில் டர்பன் பீச் குரோவில் காந்தி குடியிருந்த வீட்டில், அறைகளில் இருக்கும் சிறுநீர்ப் பாத்திரங்களை அவரும் கஸ்தூரிபாவும் சுத்தம் செய்வார்கள். தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்து கிறிஸ்தவரான ஒரு குமாஸ்தா புதிதாக வந்து தங்கினார். அவருடைய பாத்திரத்தைச் சுமக்கக் கஸ்தூரிபாவுக்கு மனம் வரவில்லை, அழுதுகொண்டே சுமந்தார். சுமந்தால் போதாது, சிரித்த முகத்தோடு சுமக்க வேண்டும் என்றார் காந்தி. உங்கள் வீட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், என்னை விடுங்கள் என்று கஸ்தூரிபா கத்த, காந்தி அவர் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப் போனார். வெட்கமில்லையா என்று கஸ்தூரிபா கேட்ட பிறகுதான் நின்றார். இதையெல்லாம் பின்னாளில் அவரே எழுதி வைத்தார்.

கொள்கையில் காந்தி பக்கம்தான் நியாயம், பாத்திரத்தையும் அவர் தூக்கியவர்தான். செய்து காட்டியதில் குறையே இல்லை. எதிரே நிற்பவர் சொன்னதைக் கேட்பதில்தான் கோட்டை விட்டார். இந்தச் சம்பவத்தை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் செய்து காட்டுவதற்குக் கைதட்டல் உண்டு, கேட்பதற்கு ஒன்றும் கிடையாது. அதனால் முதலாவதை மட்டும் பழகிக்கொள்கிறோம்.

நடைமுறைக்கு ஒன்று சொல்கிறேன். கொதிக்கும்போது பதில் சொல்லாதீர்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள். "அட்டவணையை நான் கடைசி நேரத்தில் மாற்றுவதால் உங்களுக்குப் பிள்ளையைப் பார்க்க ஆள் கிடைக்கவில்லை, அப்படித்தானே?" பிறகு, "நாளைக்குள் பதில் சொல்கிறேன்." கட்டாயம் நாளைக்குள் சொல்லுங்கள்.

அவர் சொல்றது தப்பா இருந்தா? எல்லாத்தையும் தலையாட்டி ஒத்துக்கணுமா?

தலையாட்டினால் அடுத்த முறை உங்களை நம்ப மாட்டார்கள். கேட்பது வேறு, ஒத்துக்கொள்வது வேறு. ஒத்துக்கொள்ள முடியாததை ஏன் முடியாது என்று காரணத்தோடு, முன் பதிலில் சொன்னபடி மறுநாளுக்குள், அவரிடமே சொல்லுங்கள். கோயிலில் ஒருவர் பிரியாணிக்கு வெளியிலிருந்து ஆள் வைக்கலாம் என்றார். எங்களிடம் பணமில்லை, கணக்கை எடுத்துக் காட்டினேன். அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் இன்னும் வருகிறார், இன்னும் யோசனை சொல்கிறார்.

ஒன்றை மட்டும் பாருங்கள். தவறான புகாருக்குள்ளும் பெரும்பாலும் ஒரு சரியான எரிச்சல் இருக்கும். அவர் சொன்ன தீர்வு தப்பு, ஆனால் அண்டாவைத் தூக்கி இறக்கும் வயது அங்கே யாருக்கும் இல்லை என்பது உண்மை. இரண்டு இளைஞர்களைச் சேர்த்தோம்.

என் தப்பை எல்லார் முன்னாலயும் ஒத்துக்கிட்டா மரியாதை போயிடாதா?

பாபாவிடம் மன்னிப்புக் கேட்ட அன்று எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அதற்குப் பிறகு மஞ்சள் கோட்டைத் தாண்டியவனை நான் கண்டித்தபோது யாரும் முணுமுணுக்கவில்லை என்பதுதான் நான் கண்டது.

முதல் கேள்வியில் சொன்ன டால்ஸ்டாய் பண்ணையில், அங்கே இருந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்ததே காந்திதான். பிள்ளைகள் இந்த நாட்டில் பிறந்தவர்கள், எழுத்துத் தெரியாது, ஆனால் பேச்சுத் தமிழில் அவரைவிடக் கெட்டி. ஆங்கிலம் தெரியாத தமிழர்கள் யாராவது அவரைப் பார்க்க வந்தால் அந்தப் பிள்ளைகள்தான் மொழிபெயர்ப்பார்கள். தனக்குத் தெரியாததை அவர் மறைக்கவே இல்லை, வகுப்பும் நன்றாகவே நடந்தது. தெரியாது என்பதை ஆட்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள். மறைப்பதைப் பார்த்தால்தான் மரியாதை போகும்.

ஒரு எச்சரிக்கை. வாரத்துக்கு ஒரு மன்னிப்பு என்று பழக்கமாகிவிட்டால் அதற்கும் மதிப்பில்லை. தப்பைச் சொல்லிவிட்டு, எதை மாற்றினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

கேட்க ஆரம்பிச்சதும் புகார் அதிகமாயிடுச்சு. முன்னாடி டீம் நல்லா இருந்துச்சு. நானே கெடுத்துட்டேனா?

முன்பும் அதே அளவு குறை இருந்தது, உங்கள் காதுக்கு வரவில்லை. ஹார்வர்டில் ஏமி எட்மண்ட்சன் என்பவர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தார். நன்றாக ஒத்துழைக்கும் குழுவில் மருந்து கொடுப்பதில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது, நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. தோண்டிப் பார்த்தால், அந்தக் குழுக்களில் தவற்றைப் பயமில்லாமல் சொன்னார்கள். மற்றவற்றில் மூடி வைத்தார்கள்.

அதனால் முதல் ஆறு மாதம் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், வரும் புகாரின் தரத்தைப் பாருங்கள். "எல்லாமே மோசம்" என்பது "மூன்றாம் எண் கதவின் விளக்கு எரியவில்லை" என்று மாறினால் நல்ல வழியில் போகிறீர்கள்.

பேர் போடாம எழுதிப் போட ஒரு பெட்டி வைக்கலாமா?

வைக்கலாம். எங்கள் பெட்டியில் முதல் மாதம் வந்தவை ஒரு பிஸ்கட் உறை, என்னைப் பற்றி ஒரு கேலிச்சித்திரம் (காது நன்றாக வந்திருந்தது), உருப்படியாக ஒரு சீட்டு. கையெழுத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். ஒருமுறை அப்படிச் செய்தது தெரிந்தால் பெட்டியைக் கழற்றிவிடலாம்.

என்னைவிட 20 வயசு மூத்தவர் என் கீழ வேலை பார்க்கிறார். நான் 'அண்ணா'ன்னு கூப்பிடறேன், அவர் என்னை 'சார்'ங்கிறார். இதுல யார் யாருக்குக் குறை சொல்றது?

அண்ணா என்றே கூப்பிடுங்கள். கூப்பிடுவதில் மரியாதை இருக்கட்டும், வேலையில் சலுகை வேண்டாம். அவரைத் திருத்த வேண்டியிருந்தால் தனியாக, மற்றவர் காதில் விழாமல். உங்களைப் பற்றி அவரிடம் கேட்க வேண்டியிருந்தால் யோசனை கேட்பது போலக் கேளுங்கள். "அண்ணா, இந்த ஷிஃப்டை நீங்க நடத்தினா எதை மாத்துவீங்க?" மூத்தவர்கள் குறை சொல்லத் தயங்குவார்கள், புத்தி சொல்லத் தயங்க மாட்டார்கள். இரண்டும் ஒரே சரக்குதான்.

அவர் முன்னால் நீங்கள் அவரை அண்ணா என்றும், அவர் இல்லாதபோது உங்கள் முதலாளியிடம் 'அந்தக் கிழவன்' என்றும் சொன்னால், சாயங்காலத்துக்குள் அது அவர் காதுக்குப் போய்விடும்.

என்கிட்ட சொல்லாம ஷாப் ஸ்டூவர்ட் மூலமா புகார் வருது. இது துரோகம் இல்லையா?

இல்லை. ஷாப் ஸ்டூவர்ட் என்பவர் வேலையிடத்தில் தொழிற்சங்கத்தின் பிரதிநிதி. அவர் மூலம் சொல்வது அவர்கள் உரிமை. நீங்கள் கேட்காவிட்டால் வேறு வழியில் போவார்கள், அந்த வழியை இந்த நாடு போராடிப் போட்டிருக்கிறது. 1995ல் வந்த தொழிலாளர் உறவுச் சட்டத்தின்படி தகராறுகளைத் தீர்க்க சிசிஎம்ஏ என்ற சமரச ஆணையம் இருக்கிறது. 1993ன் தொழில் பாதுகாப்புச் சட்டப்படி 20 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புப் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். பாதுகாப்புக் குறையைச் சொன்னதற்காக ஒருவரை வேலையிலிருந்து எடுப்பதையோ சம்பளத்தைக் குறைப்பதையோ அதே சட்டம் தடுக்கிறது. முறைகேட்டை வெளிப்படுத்துகிறவர்களைக் காக்க 2000ல் தனிச் சட்டமே வந்தது.

யார் சொன்னது என்று தேடாதீர்கள். ஷாப் ஸ்டூவர்டிடம், "என்னிடம் நேராக வர எது தடுத்தது?" என்று கேளுங்கள். என்னிடம் ஒருமுறை வந்த பதில், "நீங்க குறிப்பேட்டை எடுத்து எழுத ஆரம்பிச்சா எல்லாரும் பயப்படறாங்க" என்பது. மறக்கக் கூடாதே என்றுதான் எழுதினேன். சாட்சிக்கு எழுதுகிறேன் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

கப்பல் வந்து நிக்குது, லாரி காத்திருக்கு. அந்த நேரத்துல கருத்துக் கேட்டுக்கிட்டு இருக்க முடியுமா?

யோசனை கேட்க முடியாது, சரி. ஆனால் 'நில்லு' என்று யாராவது சொன்னால் நிற்க முடியும்.

27 மார்ச் 1977, கனேரித் தீவுகளில் டெனெரீஃப் விமான நிலையம். பனிமூட்டம், எல்லாருக்கும் தாமதம், எல்லாருக்கும் அவசரம். கேஎல்எம் நிறுவனத்தின் ஜம்போ விமானம் ஓடுபாதையில் ஓட ஆரம்பித்துவிட்டது. அதே ஓடுபாதையில் இருந்த பான் ஆம் நிறுவன விமானம் இன்னும் விலகவில்லையோ என்று பின்னால் இருந்த விமானப் பொறியாளர் சந்தேகம் கேட்டார். நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளரான கேப்டன், விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொன்னார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. இரண்டும் மோதி 583 பேர் இறந்தார்கள். இளையவர் எப்படிச் சொல்ல வேண்டும், மூத்தவர் எப்படிக் கேட்க வேண்டும் என்பதை விமானத் துறை பாடமாகவே நடத்த ஆரம்பித்தது இது போன்ற விபத்துகளுக்குப் பிறகுதான்.

டொயோட்டா முறையில், வேலையாள் யாராக இருந்தாலும் கோளாறு கண்டால் தலைக்கு மேலே இருக்கும் கயிற்றை இழுக்கலாம், தேவைப்பட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். நம் ப்ராஸ்பெக்டனில் அவர்கள் தொழிற்சாலை இருப்பதால் டர்பனில் பலருக்கு இது கேள்விப்பட்ட சங்கதி. எங்களிடம் கயிறு இல்லை, 'யிமா' என்ற சொல் இருக்கிறது. சூலுவில் 'நில்'. நேற்றுச் சேர்ந்த பையன் கத்தினாலும் எல்லா வண்டியும் நிற்கும், நான் உட்பட. காரணத்தை நின்ற பிறகு கேட்போம். பாதி நேரம் ஒன்றுமில்லாததற்குத்தான் கத்தியிருப்பான். அதற்கும் நன்றி சொல்ல வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டாவது.

எனக்கு மேல இருக்கிறவர் யார் பேச்சையும் கேட்க மாட்டார். நான் மட்டும் கீழ கேட்டு என்ன ஆகப்போகுது?

எல்லாம் ஆகாது, கொஞ்சம் ஆகும். உங்கள் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று ஆட்களிடம் பிரித்துச் சொல்லிவிடுங்கள். சம்பளம் என் கையில் இல்லை, அட்டவணை என் கையில் இருக்கிறது. மேலே எடுத்துச் சொல்வதாக வாக்குக் கொடுத்தால் சொல்லுங்கள், மறுப்பு வந்தாலும் வந்து சொல்லுங்கள். "கேட்டேன், முடியாது என்றார்கள்" என்பதை ஆட்கள் பொறுத்துக்கொள்வார்கள். பதிலே வராததைத்தான் பொறுக்க மாட்டார்கள்.

மேலிடத்தைத் திட்டி ஆட்களிடம் நல்ல பெயர் வாங்குவது மட்டும் வேண்டாம். அது சுலபமான வழி. அவர்களும் உங்களைப் பற்றி அதே மாதிரி வேறு இடத்தில் பேசக் கற்றுக்கொள்வார்கள்.

என்கிட்ட குறை சொன்ன ஆளே அதே தப்பைச் செய்யறாரே?

செய்யட்டும். நீங்கள் தாமதமாக வருகிறீர்கள் என்று தாமதமாக வருகிறவர் சொன்னாலும், நீங்கள் தாமதமாக வருவது உண்மைதான். அவர் கணக்கைத் தனியாக, வேறொரு நாளில் பேசுங்கள். அதே நாளில் பேசினால் பழிவாங்கல் என்றுதான் பெயர்.

கோயில் வேலைக்குச் சம்பளமா கொடுக்கிறோம்? ஏதாவது கேட்டா கோவிச்சுக்கிட்டு வராம போயிடறாங்களே?

சம்பளம் இல்லாத இடத்தில்தான் இது உண்மையான பரீட்சை. கிடங்கில் என்னைப் பிடிக்காவிட்டாலும் மாதக் கடைசிக்காக வருவார்கள். கோயிலில் பிடிக்காதவர்கள் சொல்லாமல் நின்றுவிடுவார்கள். அதனால் வராமல் போனவர்களுக்குத்தான் நான் முதலில் போன் செய்கிறேன். திரும்பக் கூப்பிட அல்ல, ஏன் நின்றீர்கள் என்று கேட்க. போனவர்களுக்கு மறைக்க ஒன்றுமில்லை, உள்ளதைச் சொல்வார்கள். ஓர் அக்கா, "இத்தனை வருஷம் வந்தேன், சாப்பிட்டியான்னு ஒருநாள் கேட்டியா தம்பி?" என்றார். அன்னதானம் செய்யும் இடத்தில் சமைத்தவர்கள் பசியோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். இப்போது பந்திக்கு முன் முதல் தட்டுகள் சமையல்காரர்களுக்கு என்று எடுத்து வைக்கிறோம். அந்த அக்கா இன்னும் வரவில்லை.

சரி அண்ணா, உங்க டீம் உங்களைப் பத்தி என்ன சொல்லுது?

இதைக் கேட்டவன் 24 வயதுப் பையன், விடவே இல்லை. சென்ற மாதம் வந்தவற்றை அப்படியே தருகிறேன். ஷிஃப்ட் அட்டவணையை ஞாயிற்றுக்கிழமை இரவு ஒட்டுகிறேன், திட்டம் போட முடியவில்லை. வாட்ஸ்அப்பில் நாலு நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறேன், ஒருவரும் கேட்பதில்லை. கிரிக்கெட்டில் இந்தியா தோற்ற மறுநாள் என்னிடம் எதையும் கேட்காமல் இருப்பது நல்லது. காந்தி கதை போதும்.

அட்டவணையை இப்போது வெள்ளிக்கிழமையே ஒட்டிவிடுகிறேன். வாய்ஸ் மெசேஜ் மூன்று நிமிடத்துக்கு வந்திருக்கிறது.